பதினொரு மில்லிமீட்டர்

இரும்பு மேசைக்குப் பொய் சொல்ல வராது.
ஆறு மீட்டர் சி-சட்டத்தை அதன்மேல் கிடத்தினோம்.
மூன்று மூலை படிந்தது.
நான்காவது
பதினொரு மில்லிமீட்டர் எழும்பி
யாரையோ எட்டிப் பார்த்தது.

கஷீயஸ் மலையில் ஜூன்.
திராட்சைக் கொடிகள் இலை உதிர்த்து நிற்கின்றன.
ஷட்டரைத் தூக்கினால் மூடுபனி
அடையாள அட்டை இல்லாமல் உள்ளே வருகிறது.

ஜிர்சேயு காயிலைத் திட்டினான்:
"இந்த லோடே சரியில்லை. முறுக்கோடதான் வந்திருக்கு."
ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்,
உருட்டத் தெரியாதவனுக்குக் காயில் கோணல்.
வரிசையின் கடைசியில் இருக்கும் நிமிர்த்தியை
இன்னும் கால் திருகு இறுக்கினான்.
மூன்று வாரமாக இதே வைத்தியம்.
காலையில் நேராகும்;
பத்து மணிக்கு ஷாஃப்ட் சூடேறியதும்
வால் தன் குணத்துக்குத் திரும்பும்.

நானும் ஒரு வைத்தியம் எழுதியிருந்தேன், அறிக்கையில்:
காரணம், செட்டப் பிழை.
செய்தவர், ஜோஸ்லெர்ம்.
கீழே என் கையெழுத்து, இவொனெட்டி ஸன்ரோஸோ,
வால் சுழித்து, அழகாக.

இன்று ஓட்டத்தின் நடுவே நிறுத்தச் சொன்னேன்.
முன்னும் பின்னும் தகட்டை வெட்டி
மேல் ரோலர்களைத் தூக்கி
பன்னிரண்டு ஸ்டாண்டுக்குள்ளும் அது
படுத்திருந்தபடியே பார்த்தேன்.
தட்டையாக உள்ளே போனது
கொஞ்சம் கொஞ்சமாய்க் கை மடக்குகிறது.
மூன்றில் சரி.
நான்கில் சரி.
ஐந்தில் இரு கரையும் ஒரே உயரம்.
ஆறில் இடக்கரை மட்டும் பளபளத்தது,
உரிந்த துத்தநாகம் நகத்தில் ஒட்டியது.
வலக்கரை ரோலரைத் தொட்டதற்குத்
தடயமே இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஆறு ஸ்டாண்டும் ஒழுங்கானவை.
வாங்கிய கோணலை
ஒழுங்காக அடுத்ததிடம் ஒப்படைத்திருந்தன.

கீழ் ரோலர்களின் முகத்தில் நேர்கோலைச் சாய்த்தேன்.
ஜோஸ்லெர்ம் பின்னாலிருந்து டார்ச் பிடித்தான்.
இருட்டு. இருட்டு. இருட்டு.
ஆறில் ஒரு கீற்று வெளிச்சம்.
ஃபீலர் இதழ் புள்ளி ஆறு நுழைந்தது.
புள்ளி ஆறு ஐந்து நுழைய மறுத்தது.

கழற்றினால் ஷாஃப்ட்டின் தோளில்
ஒரே ஒரு சிம்,
வெங்காயத் தோல் கனத்தில்:
புள்ளி ஒன்று.

"தாளில் அப்படித்தான் இருக்கிறது" என்றான்.
அன்று அவன் பேசிய முதல் வாக்கியம்.
போய் எடுத்து வந்தான்,
பிளாஸ்டிக் உறைக்குள், எண்ணெய் படாமல்.

பென்சில்.
என் பென்சில்.
ஏப்ரலில் ஒரு ராத்திரி ஷிப்ட்.
புள்ளி ஏழு என்று எழுத வந்த கை
ஏழின் இடுப்பில் கோடு போடாமலே
அடுத்த வரிக்குப் போயிருக்கிறது.
அதுவரை நானே பூட்டினேன், தாள் பார்க்காமல்.
தாளைப் பார்த்துப் பூட்டிய முதல் ஆள் அவன்.

"எங்கள் கோனாயிவிலும் ஏழுக்கு இடுப்பில் கோடு உண்டு" என்றான்.
"கோடு இல்லாததை ஒன்று என்று படிப்போம்."
குரலில் ஒரு மேடு பள்ளம் இல்லை.
ஃபீலர் கேஜின் இதழ்களை
ஒவ்வொன்றாக மடித்து வைத்தேன்,
தேவைக்கு மேல் நேரம் எடுத்து.

புள்ளி ஏழு பூட்டினோம்.
நிமிர்த்தியின் நான்கு திருகையும் நான் தளர்த்தியபோது
ஜிர்சேயு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முதல் சட்டம் மேசைக்கு வந்தது.
நான்காவது மூலை இறங்கியிருந்தது.
இரண்டு மில்லிமீட்டர் பாக்கி.
அது காயிலின் பங்கு;
ஜிர்சேயு முழுப் பொய்யும் சொல்லவில்லை.

இடைவேளையில் ஷிமர்ரோன் குவளை சுற்றி வந்தது.
என் முறைக்கு வெந்நீர் ஆறிப்போயிருந்தது.
குடித்துவிட்டு அறிக்கையை விரித்து
ஜோஸ்லெர்ம் என்ற பெயரின் நடுவே
ஒரு கோடு போட்டேன்.
ஏப்ரலில் போட்டிருக்க வேண்டியது.
நேர்கோல் வைக்காததால்
லேசாகக் கோணியிருக்கிறது.