ஆம்

ஷெப்பர்ட்டன் நூலகத்தின் பின்னறை.
செவ்வாய், மாலை ஆறரை.
கை கழுவியும் போகாத பேரிக்காய் மணத்தோடு
கொம்பனியிலிருந்து நேரே வந்திருக்கிறேன்.
ரீச்சரின் பெயர் பிரீ,
என் தையல் மெஷினைவிட மூன்று வயது இளையவள்.

பலகையில் நீளமாய் ஒரு கோடு போடுகிறாள்.
இடப்பக்கம் போனது,
வலப்பக்கம் வரப்போவது,
நடுவில் ஒரு குத்து: அது நீங்கள்.
மொத்தம் பன்னிரண்டு காலங்கள் என்கிறாள்.
எங்களுக்கு மூன்றுதான் என்றேன்.
அந்த மூன்றையும்கூட ஒழுங்காகப் பாவித்ததில்லை
என்பதைச் சொல்லவில்லை.

போன கிழமை சுப்பவைசர் கிரெக்
எங்கே நிற்கிறாய் என்று ஃபோனில் கேட்டான்.
"ஐ கேம்" என்றேன்.
அப்போது நான் வீட்டில்,
ஒரு காலில் மட்டும் சப்பாத்து.
எங்கள் பக்கத்தில் யாரும் கூப்பிட்டால்
இந்தா வந்திட்டன் என்றபடிதான் கதிரையை விட்டு எழும்புவோம்.
ஆள் பிறகு வரும்,
இறந்தகாலம் முன்னால் போய் நிற்கும்.
கிரெக் வாசல்வரை போய்த் தேடியிருக்கிறான்.
முதலாவது எச்சரிக்கை, எழுத்தில்.

இதைச் சொன்னபோது பிரீ
சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.
கிரெக்குக்கு ஒரு கடிதம் எழுதித் தரட்டுமா என்றாள்.
வேண்டாம்,
அதில் எந்தக் காலத்தைப் போடுவாள்?

பிறகு "ஹேவ் பீன்" வந்தது.
தொடங்கிவிட்டது, முடியவில்லை,
இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.
குலாம் அலி தாடியைச் சொறிந்தார்.
நியாகிம் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.
எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது:
இருந்து வருகிறேன்.
இருப்பதும் வருவதும் ஒரே மூச்சில்.
ஆறு வருஷமாய் இந்த ஊரில் அப்படித்தான்,
இருந்த இடத்திலேயே இருந்து
இன்னும் வந்து சேராமல்.

தேத்தண்ணிக்குப் பிறகு உவமை.
கோடிட்ட இடத்தை நிரப்பவும்.
பனியைப் போல வெள்ளை என்பது புத்தகத்து விடை.
எங்களுக்குள் பனியைக் கண்டவர் குலாம் அலி மட்டும்;
அது மூன்றாம் நாளே கறுத்துப்போகும் என்றார்.
அமைதிக்கு நான் எழுதியது:
போயா தினத்துச் சாராயக்கடை போல.
பிரீ சரி போட்டாள்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும்.

உருவகம் என்பது 'போல'வை எடுத்துவிடுவது,
சாரத்தைக் கழற்றினாலும் நிற்கிற
கட்டடத்தைப் போல, என்றாள்.
சொல்லி முடித்ததும் வாயைப் பொத்தினாள்.

வீட்டுப்பாடம் திருத்தும் நேரம்.
"யூஸ்ட் டு" வைத்து ஐந்து வசனம், உங்களைப் பற்றி.
மன்னாரில் பள்ளிச் சீருடை தைத்தேன்.
சைக்கிளில் சந்தைக்குப் போனேன்.
பாரைக்கு விலை பேசிச் சண்டை பிடித்தேன்.
கோயில் கொயரில் இரண்டாம் குரல் பாடினேன்.
முன்பு செய்தவை, இப்போது செய்யாதவை.
நாலும் சரி.

ஐந்தாவது:
"ஐ யூஸ்ட் டு அலோன்."

சிவப்புப் பேனை அந்தரத்தில் நின்றது.
இதை இரண்டு விதமாகத் திருத்தலாம், ஜெசிந்தா.
முன்பு தனியே இருந்தேன், இப்போது இல்லை.
அது ஒன்று.
தனிமை எனக்குப் பழகிவிட்டது.
அது மற்றது.
மற்றதற்கு முன்னால் ஒரு சின்னச் சொல் வேண்டும்.
எழுதிக் காட்டினாள்:
ஐ ஆம்.
நீங்கள் எதைச் சொல்ல வந்தீர்கள்?

அவளுக்கு அது வெறும் துணைவினை.
இடைவெளி பார்த்துச் செருகிவிடலாம்.
நான் கட்டிலின் இடப்பக்கத்தை யோசித்தேன்.
அங்கே இப்போது
மடித்து முடியாத துணிகள் படுக்கின்றன.
பேனையை எடுத்தேன்.
மூடியைக் கழற்றினேன்.
ஆம் என்று எழுத
இரண்டே எழுத்து, எந்த மொழியிலும்.

வெளியே துயெட் ஹோர்ன் அடித்தாள்.
செவ்வாயில் அவள் காரில்தான் வீடு திரும்புவது;
போகும் வழியில் அவள் வீட்டில் சூப் குடிக்காமல் விடமாட்டாள்.
கொப்பி திறந்தபடி, பை திறந்தபடி,
ஜன்னலால் கத்தினேன்:
"ஐ கேம்! ஐ கேம்!"

ஐந்தாவது வசனம் இன்னும்
ஆம் இல்லாமல் கிடக்கிறது.