எதிர்பார்க்கும் கூட்டம்

இருபத்தைந்து பேருக்குக் கீழென்றால்
அனுமதி தேவையில்லை என்றேன்.
டொய்வோ கேட்கவில்லை.
ஈரக் கையுறைகளைக் கழற்றி
மேசைமேல் வைத்துவிட்டுக்
கட்டம் கட்டமாய் நிரப்பினார்:
நிகழ்ச்சி, அக்கார்டியன்.
ஒலிபெருக்கி இல்லை. கூடாரம் இல்லை.
மது, கொஞ்சம் யோசித்து, இல்லை.
எதிர்பார்க்கும் கூட்டம்?
அங்கே மட்டும் பேனா நின்றது.

அனுமதி பெற்றவைதான்
பூங்கா வாசல் பலகையில் ஏறும்.
அதைத் தெரிந்துதான் வந்திருக்கிறார்.

சனிக்கிழமை மூன்று மணி.
சுப்பீரியர் ஏரிக் காற்று
அறிவிப்பைப் பாதி கிழித்திருந்தது.
எல்லாம் முடிந்தபின் குப்பை கிடக்கிறதா பார்க்க
அலுவலர் ஒருவர் போகவேண்டும் என்பது விதி.
நான்
தொடங்குமுன்பே போய்விட்டேன்.

முன்பணம் முழுதாய்த் திரும்பியது.
வந்தவர் எண்ணிக்கை: ஒன்று.
பணியில் இருந்தவரைச் சேர்க்கலாமா என்று
விதியில் ஒன்றும் இல்லை;
பார்த்துவிட்டேன்.