பையில் இரண்டுக்குத்தான் இடம்

காலை ஐந்தேகாலுக்குத்
திருப்பாதிரிப்புலியூரில் ரயில்.
இப்போது பதினொன்று இருபது.
கட்டிலில் துண்டு விரித்து
நான்கு லென்ஸ்,
துறைமுகத்தில் சங்கராவைக் கூறு வைத்ததுபோல.

பதினாறு–முப்பத்தைந்து ஒரு பேராசைக்காரி.
போன மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில்
கடல் மட்டும் கேட்டேன்.
கடலோடு
ஐஸ் வண்டி, ஹைமாஸ் கம்பம்,
என் செருப்பு நுனி,
தெற்கு ஓரத்தில் வளைந்துபோன மூன்று புகைபோக்கி
எல்லாவற்றையும் மடியில் அள்ளிக்கொண்டு வந்தாள்.
கடல் ஒரு கோடாகக் கிடந்தது.

எழுபது–இருநூறு என்னுடையதல்ல.
இரண்டு முகூர்த்தங்களுக்கு நடுவே
ஒரு நாள் ஓய்வு கிடைத்து
அமல்தாஸ் கொடுத்தது.
"உப்புக்காத்து படக்கூடாது.
போட்ல நிக்கக்கூடாது.
அப்புறம் உன் இஷ்டம்."
ரவை நிறுக்கும் தராசில் வைத்தேன்:
ஒரு கிலோ நானூற்று எண்பது.
நேற்று மொட்டைமாடியில் போட்டுப் பார்த்தேன்.
தண்ணீர்த் தொட்டி பக்கத்துத் தெருப் புளியமரத்தோடு
ஒட்டிக்கொண்டு நின்றது.
நடுவில் இருந்த தெரு,
தெருவில் இருந்த வெயில்,
எங்கே போயின?
தூரத்தை இழுத்துவருவதென்றால்
இடையில் இருப்பதைத் தின்றுவிட்டு வருவது.

பதினெட்டு–ஐம்பத்தைந்து
கேமராவோடு வந்தது.
சீர் வரிசைக் குத்துவிளக்கு மாதிரி,
குறை சொல்ல முடியாது.

பிறகு, ஐம்பது.
தானே அடித்த வருஷம் வாங்கினேன்.
கரண்ட் இல்லாத அந்தத் தையில்
அலமாரிக்குள் ஈரத்தோடு ஈரமாகக் கிடந்து
உள்கண்ணாடியில் பூஞ்சை பிடித்துக்கொண்டது.
டார்ச் அடித்தால் தெரியும்:
வெள்ளை நரம்பு,
அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை.
பாண்டிச்சேரி மிஷன் வீதி ரிப்பேர்க்காரர்
"தொடச்சா கோட்டிங்கும் போயிடும் மேடம்,
மத்ததோட சேத்து வைக்காதீங்க, ஒட்டும்"
என்று சொல்லிக் காசு வாங்கவில்லை.

இன்று மறுபடி டார்ச் அடிக்கிறேன்.
நாளை நான் பார்க்கப் போகிற
பிச்சாவரத்து வாய்க்கால்கள்
மேலேயிருந்து பார்த்தால்
இப்படித்தான் இருக்கும்.

குலோத்துங்கன் புரண்டு படுக்கிறான்.
"நாலையும்தான் தூக்கிட்டுப் போயேன்."
"தோள்பட்டை நீ தர்றியா?"
"லைட்டை அணை."

இருட்டில் முடிவெடுத்தேன்.
அமல்தாஸின் ஒன்றரைக் கிலோ
சிலிக்கா ஜெல் டப்பாவுக்குத் திரும்பியது,
பாவம் செய்யாமலே.
பேராசைக்காரி பைக்குள்.
நோயாளி தனியாக,
சாப்பாட்டுக் கூடையில்,
இட்லிப் பொட்டலத்துக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே.
இட்லிக்கு ஒட்டினால் ஒட்டட்டும்.

முதுநகர், ஆலப்பாக்கம்,
புதுச்சத்திரத்தில் கிராஸிங் என்று
ரயில் காரணமில்லாமல் நின்றது.
பரங்கிப்பேட்டை விட்டதும்
வெள்ளாற்றுப் பாலம்.
கீழே தண்ணீர்
விளக்காத செம்பின் நிறத்தில்;
ஒரே ஒரு வலைக்காரர்
இடுப்பளவில்,
வீசவில்லை, நின்றுகொண்டிருக்கிறார்.

ஒரு கை பையின் ஜிப்பில்,
ஒரு கை கூடையின் மூடியில்.

பாலம் எவ்வளவு நீளம் என்று
இத்தனை வருஷம் கவனித்ததில்லை.
நீளமில்லை.

எதிர் சீட்டுப் பெண்
தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு
"கிள்ளை வந்துடுச்சா?" என்றாள்.
வந்துவிட்டது.