குறிப்பாணைக்கு விளக்கம்

அனுப்புநர்: செ. அமிர்தகடேசன், பயிற்சிக் காவலர் எண் 61
பெறுநர்: உயர்திரு முதல்வர் அவர்கள்
பொருள்: சுழற்கோப்பை சுழன்று போனது தொடர்பாக

ஐயா,
கோப்பை எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள்.
கவாத்தைச் சொல்லாமல் கோப்பையைச் சொன்னால்
விளங்காது.

நம் பள்ளி நீடாமங்கலத்தில் மூடிப்போன அரிசி ஆலை.
சுவரில் இன்னும் அவித்த நெல் வாடை.
சாப்பிட்டுவிட்டு வந்தவனுக்கும் அங்கே பசிக்கும்.
பேரளத்துப் பள்ளிக்கு சிமெண்ட் மைதானம், பேண்டு வாத்தியம்,
சல்யூட் அடிக்கும் நாய்.
நமக்கு நெல் காயும் களம்.
தை பிறந்தால் அதிலும் முக்கால்வாசி
ஊர்க்காரர்களின் அம்பாரம்.

ஏட்டு தைலப்பன் ஐயா என்ன செய்வார்?
அம்பாரத்தைச் சுற்றியே எங்களை நடத்தினார்.
இடது எது வலது எது என்று தெரியாத எனக்கு
ஒரு காலில் நாற்றும் மறுகாலில் வைக்கோலும் கட்டி
'நாத்து! வைக்கோல்! நாத்து! வைக்கோல்!' என்று
தொண்டை கிழியக் கத்தினார்.
மூன்றாம் நாள் ஆடு ஒன்று வந்து
என் இடது காலைத் தின்றுவிட்டது.
வலது காலில் மட்டும்தான் இன்றுவரை
எனக்குச் சந்தேகமில்லை.

மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.
வடுகநாதன், உயரத்தில் அரை சென்டிமீட்டர் போதாமல்
முந்தின இரவு மச்சானிடம்
தோசைக் கரண்டியால் ஒரு போடு வாங்கி
புடைத்த தலையோடு தேறியவன்.
புடைப்பு வற்றியதிலிருந்து தொப்பி கண்ணை மறைக்கிறது.
கூத்தாநல்லூர் லத்தீஃப் நின்றபடி தூங்குவான்.
அட்டென்ஷனில் அவனை மிஞ்ச ஆளில்லை;
ஸ்டாண்ட் அட் ஈஸ் சொன்னால்தான் விழுவான்.
சூசைமாணிக்கத்துக்கு வெடிச்சத்தம் ஆகாது.
துப்பாக்கியைத் தள்ளி வைத்துவிட்டுக்
குறி மட்டும் பார்ப்பான். குறி பிசகாது.

போட்டி நாள். பேரளத்து மைதானம்.
ஒரு நெல்மணி இல்லாத வெறுந்தரை.
குயிக் மார்ச் என்றதும் நடந்தோம்.
நாலாவது அடியில் எல்லோரும் ஒன்றாக
இல்லாத அம்பாரத்தைச் சுற்றி வளைந்தோம்.
அடுத்து இன்னொன்று. அதையும் மிதிக்கவில்லை.
நாற்பத்திரண்டு பேர், எட்டு அம்பாரம்,
ஒரு மணி சிதறவில்லை, ஐயா.
நடுவர் எழுந்து தரையைப் பார்த்தார்.
பிறகு கண்ணாடியைத் துடைத்தார்.
நாய் மட்டும் சல்யூட் அடித்தது.

பேரளம் தொண்ணூற்றாறு. நாம் பதினொன்று.
அந்தப் பதினொன்றும் லத்தீஃப் தூங்கியதற்கு.

தோற்ற அணி கோப்பையைச் சுமந்து வந்து
ஜெயித்தவர் கையில் தரவேண்டும் என்பது விதி.
சுமந்தவன் நான்.
அப்போது பார்த்து மழை. மாசி மாதத்தில், கூசாமல்.
வேலிக்கு அந்தப் பக்கம் கொள்முதல் நிலையம்;
பத்து நாளாகத் திறந்து கிடந்த நெல்.
கலையச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள்.
வேலியைத் தாண்டிய பிறகுதான்
தாண்டியது எங்களுக்கே தெரிந்தது.
தார்ப்பாயின் ஒரு முனை என்னிடம்.
மறுமுனையில் பேரளத்துக்காரன் ஒருவன், எப்போது வந்தானோ.
அவனுக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை; திட்டினேன்.
எனக்கு இடது பக்கம் தெரியவில்லை; திட்டினான்.
நல்ல பையன்.

காற்று பாயைப் பிடுங்கியது. கல் தேடினேன்.
நம் பக்கத்தில் மண் உண்டு, சேறு உண்டு,
வெண்ணாற்றில் தண்ணீர்கூட எப்போதாவது உண்டு,
கல்லுக்கு எங்கே போவது?
கையில் இருந்தது மூன்றரைக் கிலோ பித்தளை.

வைத்தேன்.
பாய் பறக்கவில்லை.

விடிவதற்குள் மூட்டை பிடித்து லாரி ஏற்றிவிட்டார்கள்.
எந்த மூட்டை என்று சுமைதூக்கும் தொழிலாளருக்கும் தெரியவில்லை.
ஏதோ ஒன்றில் எடை கூடுதலாக வந்ததென்று
சன்ன ரக விலையில்
அரசாங்கமே கோப்பையைக் கொள்முதல் செய்துவிட்டது.

ரசீது நகல் இணைத்துள்ளேன்.
ஈரப்பதம் சரியாக இருந்ததாம்.