திறக்காத கோப்பு

பெயரைச் சொல்லப்போவதில்லை, இங்கேயும்.
ஊரை மாற்றியிருக்கிறேன்,
திமிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.
வயதில் ஒன்றிரண்டு கூட்டியோ குறைத்தோ இருக்கலாம்.

ஆவணப் பிரிவு, அடித்தளம்.
மேலே வேலூர் மே மாதத்தில் வெந்துகொண்டிருக்கும்.
கீழே எங்களுக்கு ஏசி,
அதுவும் எங்களுக்காக அல்ல, சர்வருக்காக.
காகிதக் காலத்தில் ஒரு கட்டை வெளியே கொண்டுபோகத்
தூசியில் தும்ம வேண்டும்,
படிக்கட்டில் யாராவது
"எங்க எடுத்துப் போற?" என்பார்கள்.
இப்போது ஏழு எண்கள், ஒரு என்டர்.
காட்பாடியில் ரயிலிறங்கிய அசாம்காரரின் கல்லீரலும்
சத்துவாச்சாரி டீச்சரின் தூக்க மாத்திரையும்
ஒரே வெளிச்சத்தில், ஒரே எழுத்தில்.

முதல் தடவை சம்பங்கி மாமா வந்தது
இலவம்பாடிக் கத்திரிக்காய் இரண்டு கிலோவோடு.
தீனதயாளனுக்கு வாலாஜாவில் பெண் பார்த்திருந்தார்கள்.
"உங்க ஆஸ்பத்திரியில ஒரு வாரம் இருந்துச்சாம்.
ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா போதும்."
பார்த்தேன்.
குடல்வால். தையல் பிரித்தாயிற்று. அவ்வளவுதான்.
"ஒண்ணும் இல்ல மாமா."
நல்ல சேதிதானே, யாருக்கு நஷ்டம்?
அந்தச் சம்பந்தம் பிறகு நகைக் கணக்கில் முறிந்தது,
அது வேறு கதை.
குழம்பு நன்றாக இருந்தது.

எட்டாம் நாள் தாட்சாயணி மேடம் கூப்பிட்டார்.
மேசையில் ஒற்றைத் தாள்:
தேதி, பதினொன்று நாற்பத்திரண்டு, நாற்பது விநாடி,
என் எண்.
"இந்த நோயாளிகிட்ட உங்களுக்கு என்ன வேலை?"
நான் பார்த்துக்கொண்டிருந்தபோது
திரையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.
ஒரு இன்கிரிமென்ட் போயிற்று.

அடுத்த தையில் மாமா மறுபடி வந்தார்.
திமிரிப் பெண். எட்டுப் பொருத்தம்.
சீட்டில் நோயாளி எண்கூட எழுதி வந்திருந்தார்,
யாரிடம் வாங்கினாரோ.
"முடியாது மாமா. பார்க்கக்கூடாது. வேலை போயிடும்."
சீட்டைத் தொடவில்லை.
கீபோர்டை விட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.
மாமா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
"போன தடவ சொன்னியே."
அவ்வளவுதான் கேட்டார்.
பையை வண்டிக் கொக்கியில் மாட்டிக்கொண்டு போனார்.
அன்று ஆபீசர்ஸ் லைனில் நின்று டீ குடித்தேன்,
முதுகு நேராக,
தேர்வில் தேறியவனைப் போல.

அத்தை போன் செய்தாள் ஞாயிற்றுக்கிழமை.
"வாயில சொல்ல முடியாத அளவுக்கு
என்னமோ இருக்குதாமே அந்தப் பொண்ணுக்கு?"
மாசி முடிவதற்குள் அது வளர்ந்துவிட்டது.
ஒரு வீட்டில் கர்ப்பப்பை என்றார்கள்.
ஒரு வீட்டில் வலிப்பு.
ஒரு வீட்டில் விரலால் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார்களாம்.
மறுக்க என்னிடம் ஒரு சொல் இல்லை.
மறுப்பதற்குத் திறக்க வேண்டும்.
திறந்து, ஏதாவது இருந்துவிட்டால்?
ஒன்றுமில்லை என்று ஒருமுறை சொன்னவன்
அதற்குப் பிறகு
சும்மா வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது போல.
அந்தக் கத்திரிக்காய்க்குத்தான் நான்
என் மௌனத்தை விற்றிருக்கிறேன்,
இனி வரப்போகிற எல்லோருடையதையும் சேர்த்து.

அவளே வந்தாள், பங்குனியில்.
தனியாக. சொந்தப் பேனாவோடு.
"என் ஃபைல யார் யார் தொறந்தாங்கன்னு
லிஸ்ட் கேக்கலாமாமே?"
கேட்கலாம். கையெழுத்தானது. அச்சடித்தேன்.
இரண்டு டாக்டர், ஒரு நர்ஸ், ரத்தப் பரிசோதனை, மருந்தகம்.
ஒவ்வொரு பெயரிலும் விரல் வைத்து
"இவங்க யாரு?" என்றாள்.
சொன்னேன்.
"எங்க தெருவுல போய்ச் சொன்னவங்க இதுல யாரு?"
"இதுல யாரும் இல்லம்மா."
பொய் இல்லை.
கணினி சத்தியமாகப் பொய் இல்லை.

தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.
தேங்க்ஸ் சார் என்றாள்.
பிரிண்டர் சூடு இன்னும் ஆறாத தாளில்
ஐந்து பெயர்கள்,
கீழே பாதிப் பக்கம் வெள்ளை.