ஐப்பசி பத்துக்கு முன்

விதைப்புக் கூட்டத்தில் எல்லாரும் கை உயர்த்தினோம்:
ஐப்பசி பத்துக்கு முன் மாடுகள் வட்டையை விட்டு வெளியேற வேணும்.
பிந்தினால் தலைக்கு ஐந்நூறு தண்டம்.
கூட்டக் குறிப்பை எழுதியது நான்,
பண்ணையாளர் சங்கச் செயலாளர், நாற்பத்தேழு மாட்டுக்காரி.

வெளியேறி எங்கே போவது என்று
அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.
இதுவரை தேவைப்படவுமில்லை.
மாரிக்கு மலையடி, கோடைக்கு வெட்டின வயல்.
எழுதாத சட்டம் அது,
எழுதாததால் ஒருவரும் வெட்டித் திருத்தவில்லை.

ஒன்பதாம் தேதி விடியச் சாய்த்தோம்.
குடும்பிமலை இடப்பக்கம் ஏறி ஏறி வந்தது.
வனத்துறையின் கல், அதற்கப்பால் மகாவலியின் கல்,
மறுகா ஒரு கல், யாருடையதென்று தெரியாமல்,
அதில் முதுகு தேய்த்தது கிழட்டு எருது.

கூழாமடுவில் சோளம் நின்றது.
இடுப்பளவு, நல்ல கரும்பச்சை,
பொய் சொல்லக் கூடாது, அழகான பயிர்.
சுற்றிவர மின்கம்பி,
மூலையில் வெயில் குடிக்கும் தகடு.

ஆரியதிலக வெளியே வந்தார், கையில் உறையிட்ட காகிதம்.
நானும் என்னுடையதை எடுத்தேன்.
அவரது சிங்களத்தில், எனது தமிழில்,
இரண்டின் தலையிலும் அதே இலச்சினை.
ஒருவர் தாளை ஒருவர் வாங்கி
வாசிப்பது போல நெடுநேரம் பார்த்தோம்.
"உங்கள் பக்கமும் யானை வருதா?" என்றார்,
அரைகுறைத் தமிழில்.
வரும் என்றேன்.
தண்ணீர்க் கானைத் தூக்கித் தந்தார்.

கிறுகி வருகையில் செவலை நாகு
பற்றைக்குள் ஒரு பூசணித் துண்டைக் கடித்தது.
பன்றிக்கு வைத்த வெடியாம்.
யார் வைத்ததென்று சொல்ல ஆளில்லை.
தாடை இல்லாமல் அது என்னைப் பார்த்ததை
எந்தக் குறிப்பில், எத்தனையாம் இலக்கத்தில் எழுத?

இன்று பதினொன்று.
வட்டையில் விதைநெல் முளை கட்டியாயிற்று, திரும்ப முடியாது.
மாடுகள் ஆற்று மணலில் நிற்கின்றன.
பாலெடுக்க வந்த அச்சிமுகம்மது
சட்டி பாதி நிறையாமல் போகிறார், விலை பேசாமல்.
டிப்பர்க்காரன் ஹோன் அடிக்கிறான்.
மணலுக்குப் போமிட் அவன் முதலாளியிடம்.

மேலே மழை இன்னும் இறங்கவில்லை.
தண்ணீர் கன்றின் முழங்காலுக்குக் கீழே.
இரண்டு நாள் தாங்கும் என்கிறான் வேலாப்போடி.
மூன்று என்கிறேன் நான்.