ஏழு மீட்டர் மலை

எங்கள் ஜில்லாவில் மேடு கிடையாது.
தண்ணீரே யோசித்துத்தான் நகரும்.
ஏறிப் பழக எனக்கு வாய்த்தது
மயிலாடுதுறை ரயில்வே மேம்பாலம்.
பலகையில் உயரம் அழிந்திருந்தது.
கயிறு இறக்கி நானே அளந்தேன்: ஏழு மீட்டர்.
ஏற்காட்டுக்கு ஆயிரத்து இருநூறு ஏற வேண்டும்.
வகுத்தால் நூற்று எழுபத்தொரு தடவை,
மீதி மூன்று மீட்டர்.

காலை நாலேகால்.
டீக்கடை வைத்தியலிங்கம் முதல் வாரம் கேட்டார்,
"பாலத்துல எதையாவது தொலைச்சிட்டியாம்மா?"
இரண்டாம் வாரம் டார்ச் கொண்டுவந்தார்.
மூன்றாம் வாரம் விஷயம் தெரிந்து
நன்கொடை நோட்டில் பெயர் எழுதினார்,
கிலோமீட்டருக்கு எட்டணா.
எட்டணா செல்லாதென்று அவருக்கும் தெரியும்.
இருநூற்று எண்பது சேர்ந்தால்
எல்லாம் முழு ரூபாயாகிவிடும் என்றார்.

டயாலிசிஸ் வார்டில் பதிவேடு எழுதுகிறவள் நான்.
வரும்போது எடை, போகும்போது எடை.
நடுவில் காணாமல் போனது தண்ணீர்.
இருக்கிற எட்டு நாற்காலியோடு
இன்னும் இரண்டு வாங்கத்தான் இந்தச் சவாரி.
ஐந்தாம் நாற்காலி நீடூர் நஜ்முதீன்,
வயது முப்பத்து நாலு, செல்போன் ரிப்பேர்.
"நாலு மணி நேரத்துல எவ்ளோ தூரம் மிதிப்பே?"
"எழுபது."
"நானும் நாலு மணி நேரம்தான். வாரம் மூணு தடவை.
இருநூத்திப் பத்து ஆச்சு.
எனக்கு யாரு கிலோமீட்டருக்குத் தர்றது?"
ஊசி குத்தாத கையை நீட்டினான்.
பேனாவை வைத்தேன்.

ஞாயிறுகளில் தரங்கம்பாடி வரை.
செம்பனார்கோவில் தாண்டினால் கடற்காற்று
நெஞ்சில் கை வைத்துத் தள்ளும்.
ஆக்கூர் முக்கூட்டில் மூன்றாவது பாட்டில்.
மூடியைத் திறக்கும்போது
ஒரு நாளைக்கென்று அவன் அளந்து வைத்திருக்கும்
அரை லிட்டர் நினைவுக்கு வரும்.
வந்தாலும் குடித்தேன்.
தாகம் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

தை பிறந்ததும் சாலையில் பாதி நெல்லுக்குப் போனது.
காயும் சம்பாவுக்கு ஓரம் விட்டு
லாரிக்கு ஓரம் விட்டு
மிஞ்சிய ஒரு முழத்தில் ஓட்டினேன்.
அறுவடை மெஷின் இறைத்த சேறு
காய்ந்து பல்லாய் நின்ற இடத்தில்
சறுக்கி விழுந்தேன், நெல்லின் மேல்.
காவலிருந்தவள் ஓடிவந்து
முதலில் நெல்லைக் கூட்டினாள்.
பிறகு என் முழங்கையைத் திருப்பிப் பார்த்து
ரத்தத்தில் ஒட்டாத மணிகளை மட்டும்
தட்டிக் குவியலில் சேர்த்தாள்.
"மஞ்சள் வை" என்றாள், போகும்போது.

மேட்டூர் அடைத்துவிட்டார்கள்.
பாலத்துக்குப் போகும் வழியில் பார்க்கிறேன்,
காவிரியும் நாளுக்கு நாள்
எடை குறைந்துகொண்டே வருகிறது.

நூற்று எழுபத்தொன்றை
மூன்று காலைகளில் முடித்தேன்.
"பிரிச்சுப் பிரிச்சு ஏறினா அது மலை ஆகாது"
என்றார் குழுத் தலைவர் பிரின்ஸ் ஆரோக்கியம்.
ஸ்கூட்டர், ஃப்ரிட்ஜ், இந்த சைக்கிள்,
எல்லாமே தவணையில் கட்டும் வீடு எங்களுடையது.
மலையை மட்டும் மொத்தமாக எங்கே போய் வாங்க?

இன்று வார்டு லிஃப்ட் ஓடவில்லை.
பதினெட்டுப் படி.
நஜ்முதீன் பதினொன்றில் நின்றான்.
கைப்பிடியைப் பிடித்தபடி
மேலே பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.
அவன் பையை வாங்கிக்கொண்டு
ஒரு படி கீழே நானும் நின்றேன்.
என் தொடை இன்னும் பாலத்திலேயே துடித்தது.
யாரோ பிளாஸ்க்கோடு எங்களைத் தாண்டி ஏறினார்கள்.
"மீதி எவ்ளோன்னு சொன்னே?"
"மூணு மீட்டர்."
"இதான் அது. எழுதிக்கோ."

பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
வரும்போது: அறுபத்தொன்று புள்ளி நாலு
என்று எழுதினேன்.
செருப்பைக் கழற்றச் சொல்ல மறந்துவிட்டது.